ஒன்றரை அங்குலத் தண்ணீர்

2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் கொட்டிய மழை, பியர்சன் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் என்று பதிவானது. டொன் வலி பாக்வே ஆறாக ஓடியது. யூனியன் ரயில் நிலையத்துக்குள் தண்ணீர் இறங்கியது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. பத்திரிகைகள் பாதி மூழ்கிய கார்களைப் படம் பிடித்துப் போட்டன. ஸ்காபரோவில் எங்கள் சனத்தின் கதை வேறாக இருந்தது. ஆருடைய பேஸ்மென்டுக்குள் வந்தது, எவ்வளவு வந்தது, வந்தது மழைத் தண்ணியா கக்கூஸ் தண்ணியா? தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டே இதைத்தான் கேட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் காசுக் கேள்வி. இங்கே வீட்டுக் காப்புறுதியில் தெருவால் வழிந்து வரும் வெள்ளம் ஒரு கணக்கு, கழிவுக் குழாயால் திரும்பி வரும் வெள்ளம் இன்னொரு கணக்கு. இரண்டையும் பெரும்பாலும் தனித்தனியே பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். அந்த ஜூலை மழைகளுக்குத் தென் ஒன்ராறியோவில் காப்புறுதிக் கம்பனிகள் பொறுப்பேற்ற சேதம் மட்டும் 90 கோடி டொலருக்கு மேல். சேர்க்காமல் விட்டவர்களின் சேதம் எந்தக் கணக்கிலும் வராது.

வீடுகளுக்கு ட்ரைவோல் அடிக்கிற என் நண்பர் ஒருவர், "வெள்ளத்தைப் பற்றி எழுதுறதெண்டா தரையை வெட்டுற ஆளை வந்து பார்" என்று கூட்டிக்கொண்டு போனார். போன வீடு எக்லின்டன் வீதிக்கு வடக்கே, போருக்குப் பிறகு வயல்வெளிகளை அழித்து வரிசையாகக் கட்டிய செங்கல் பங்களோக்களில் ஒன்று. மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்காரர். இந்த நகரத்துக்கு வந்த ஈழத்தமிழர் பலரின் முதல் விலாசம் இப்படியொரு பேஸ்மென்ட்தான். 1994இல் மாகாண அரசு சட்டம் போட்டு இந்தக் குடியிருப்புகளை அனுமதித்தது. அடுத்து வந்த அரசு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும் சனம் கீழேதான் இருந்தது.

பழைய பேஸ்மென்ட் ஒன்றுக்குள் போனால், ஃபேர்னஸுக்கும் சுடுதண்ணித் தாங்கிக்கும் பக்கத்தில், தரையில் கைப்பிடி அகலத்தில் ஓர் இரும்புச் சல்லடை இருக்கும். அதுதான் ஃப்ளோர் ட்ரெயின். தாங்கி வெடித்தால், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் குழாய் கழன்றால், தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வாய் அது. தண்ணீர் தானாக இறங்கி ஓடக்கூடிய இடமென்றால் பேஸ்மென்டில் இது இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்ராறியோ கட்டட விதி சொல்கிறது. இந்த வீட்டில் அது இல்லை. முந்திய சொந்தக்காரர் வாடகைக்கு விடுவதற்காகத் தரையை மட்டப்படுத்தி, மேலே வினைல் பலகை ஒட்டி, அழகாக விற்றுவிட்டுப் போயிருந்தார். ஜூலை 16 அன்று தெருக் குழாய் நிரம்பித் திரும்பியபோது, அடுத்த பள்ளமான வாய் எதுவோ அதைத் தேடியது. வாடகைக்கு இருந்த பெண் குளிக்கும் இடத்து ஷவர்த் துவாரம்.

நாங்கள் போகும்போது பலகைகள் உரிக்கப்பட்டு, தரையில் சோக்கட்டியால் கோடு கீறியிருந்தது. வேலை செய்பவரின் பெயரை எழுதக்கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. ஏன் என்பது பின்னால் வரும். அறுபதை அண்டிய வயது, குள்ளமான உருவம், தோள் மட்டும் இரண்டு ஆளுக்குரியது. எல்லோரும் அண்ணை என்றார்கள், நானும் அண்ணை என்றேன். உதவிக்குத் திருச்சியிலிருந்து படிக்க வந்த ஒரு பொடியன். அவனுக்கு மட்டும் அவர் "அண்ணா".

"கிட்ட வராதையும் தம்பி, முகத்துக்கு ஒண்டும் போடேல்லை நீர்" என்று சொல்லி ஒரு முகமூடியை எறிந்தார். கொங்கிரீட் வெட்டும் வாளின் தகட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கப் பொடியன் வாளியோடு நின்றான். மூன்று, நான்கு அங்குலத் தடிப்புள்ள கொங்கிரீட் தரையில் இரண்டு கோடுகள் வெட்டப்பட்டன. பிறகு ஜாக்ஹாமர். அந்தத் தாழ்ந்த கூரைக்குள் அதன் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. பல்லுக்குள் கேட்டது என்று மட்டும் சொல்லலாம்.

தண்ணீர் ஊற்றி வெட்டுவது துப்புரவுக்காக அல்ல. கொங்கிரீட்டுக்குள் மணல் இருக்கிறது, மணலுக்குள் சிலிக்கா. வெட்டும்போது எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகும். அது பதிந்தால் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்து இல்லை. இந்தத் தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே சேர்த்துவிட்டது. அண்ணை முன்பு பல வருடம் உலர்வாக வெட்டியவர். "அப்ப ஆர் தம்பி தண்ணி ஊத்தினது? ஜன்னலைத் திறந்துவிட்டா அதுவே பெரிய காரியம்." இடது கையின் இரண்டு விரல்கள் குளிர் காலத்தில் வெளுத்து மரத்துப்போகும் என்று காட்டினார். அது ஜாக்ஹாமர் அதிர்வு தந்தது.

உடைத்த துண்டுகளை வாளியில் அள்ளி, ஜன்னல் வழியே வெளியே கொடுத்து, கீழே மண்ணைத் தோண்டினார்கள். சுவரை ஒட்டிப் போகும்போது அண்ணை தோண்டுவதைப் பொடியனிடம் கொடுக்கவில்லை. அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்தில் பள்ளம் போனால், வீட்டைத் தாங்கும் மண்ணே சரிந்துவிடும். ஓரிடத்தில் மண்வெட்டி 'டங்' என்றது. பழைய ஃப்ளோர் ட்ரெயின்! சல்லடை அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு சேட்டைச் சுருட்டித் திணித்து, மேலே சீமெந்து கரைத்து ஊற்றியிருந்தார்கள். சீமெந்துக் கட்டியில் சேட்டின் பொத்தான் ஒன்றும் ஒட்டியிருந்தது. அண்ணை அதை வீட்டுக்காரருக்குக் காட்டச் சொல்லி மேலே அனுப்பினார். மேலேயிருந்து வந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

பழைய வாயைச் சுத்தம் செய்து பாவிக்க முடியாதா என்று கேட்டேன். அதற்குக் கீழே இருந்த வார்ப்பிரும்புக் குழாயின் வயிறு துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. பிரதான குழாயில் நல்ல இரும்பு தொடங்கும் இடத்தில் வெட்டி, அங்கிருந்து புதிதாகக் கொண்டுவர வேண்டும்.

அங்கேதான் அந்த ஆயுதத்தைக் கண்டேன். நீண்ட கைப்பிடி, அதன் தலையில் சைக்கிள் சங்கிலியை விடத் தடித்த ஒரு சங்கிலி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்னச் சக்கரக் கத்தி. குழாயைச் சுற்றிச் சங்கிலியைக் கட்டி, கொளுவி, கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகுகிறது. அறுப்பதில்லை, அரைப்பதில்லை, நெருப்புப் பொறி இல்லை. இறுக்கம் எல்லாப் பக்கமும் ஒரேயளவாக ஏறி, ஒரு கட்டத்தில் வார்ப்பிரும்பு தானே விட்டுக்கொடுக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் நூல் பிடித்த மாதிரி வட்டமாக உடைந்திருந்தது. மின்சாரம் வேண்டாத, தூள் பறக்காத அந்தச் சாமானை வைத்துக்கொண்டே அவரால் வேலை முழுவதையும் செய்ய முடிந்தால், அந்த விரல்கள் வெளுத்திருக்காது என்று நினைத்தேன். ஆனால் கொங்கிரீட் அப்படி உடையாது.

"இது எண்ட இல்லை, போத்துக்கீசக் கிழவன்ர" என்றார். கைப்பிடியில் இரண்டு எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. அந்த எழுத்துகளிலிருந்து அவருடைய கதை தொடங்கியது. வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அது தொடர்ந்தது. கட்டுரையும் இனி அவர் பின்னால்தான் போகும்.

தகப்பன் யாழ்ப்பாணத்தில் மேசன். வலிகாமத்தில் எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். கிணறும் கக்கூஸ் குழியும் அலவாங்கு போட்டு நெம்பித்தான் இறங்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் தகப்பனோடு கல் உடைப்பது, பிறகு வோட்டர்சீல் கோப்பை பதிப்பது. கோப்பையின் வளைவு ஒரு நூல் சரிந்தாலும் தகப்பன் எடுத்துத் திருப்பிப் பதிக்கச் சொல்வார். தொண்ணூறுகளின் இடப்பெயர்வில் தகப்பனின் சாமான்கள் எல்லாம் போயின. மகன் பல நாடுகள் சுற்றி ஸ்காபரோ வந்து சேர்ந்து, ஒரு பேஸ்மென்டில் ஆறேழு பேரோடு படுத்து, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒரு நாள் அந்த உணவகக் குசினியின் தரைக் குழாய் அடைத்துக்கொண்டது. திருத்த வந்தவர் போத்துக்கல் நாட்டுக் கிழவர். இந்த நகரத்தின் கட்டட வேலையை நீண்ட காலம் சுமந்தவர்கள் இத்தாலியரும் போத்துக்கீசரும்தான். தரையை உடைக்கக் கிழவர் திணறுவதைப் பார்த்துக் கோப்பை கழுவியவர் போய்ச் சுத்தியலை வாங்கினார். அடுத்த கிழமையே கிழவரின் வானில் ஏறிவிட்டார்.

"இங்கிலீசு அவருக்கும் வராது, எனக்கும் வராது. தண்ணி எங்க ஓடும் எண்டு இரண்டு பேருக்கும் தெரியும். வேறென்ன வேணும்?"

வேறொன்று வேண்டியிருந்தது. ஒன்ராறியோவில் பிளம்பர் வேலை கட்டாயச் சான்றிதழ் வேலை. பதிவு செய்த பயிலுநராக ஏறக்குறைய 9,000 மணித்தியாலம், அதாவது ஐந்து வருடமளவு, செய்து, வகுப்பும் போய், பரீட்சையும் எழுத வேண்டும். முதல் படி, முதலாளி உங்களைப் பயிலுநராகப் பதிவது. கிழவர் பதியவில்லை. அதில் வஞ்சகம் இல்லை, அவருக்குக் கடதாசி என்றாலே பயம். அதன்பின் வந்த முதலாளிகள் பதியாததற்குக் காரணம் வேறு: பதிந்தால் படிப்படியாகச் சம்பளம் ஏற்ற வேண்டும். கிழவர் இறந்தபோது மனைவி சங்கிலிக் கட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். 9,000 மணித்தியாலம் என்ன, அதைப் பல மடங்கு செய்த மனிதரிடம் அந்த வேலைக்கான சான்றிதழ் இன்றுவரை இல்லை. பெயர் எழுதாததன் காரணம் இதுதான்.

ஆகவே குழாய் பொருத்தும் கட்டம் வந்ததும், சட்டப்படி அதைச் செய்ய வேண்டிய சான்றிதழ்காரர் புதிய பிக்கப் வண்டியில் வந்தார். அவரும் தமிழர்தான். கறுப்பு ஏபிஎஸ் குழாய்களைப் பசை தடவிப் பொருத்தினார். இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் ரப்பர் உறையும் எஃகுப் பட்டியும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு. காற்றுக் குழாய் எவ்வளவு தூரத்துக்குள் ஏற வேண்டும் என்ற கணக்கும் நடந்தது. எனக்கு அது ஏறவில்லை, உங்களையும் அதற்குள் இழுக்கமாட்டேன். அவர் மட்டக்கட்டை வைத்துப் பார்த்துவிட்டு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். அண்ணை தலையாட்டிய பிறகே அடுத்த மூட்டுக்குப் பசை தடவினார்.

இந்த வேலையின் உயிர் வளைவில் இருக்கிறது. சல்லடைக்குக் கீழே குழாய் நேரே இறங்கிவிடாமல், தாழ்ந்து திரும்பி ஏறி, பிறகுதான் போகிறது. அந்தத் தாழ்விலே எப்போதும் தண்ணீர் நிற்கும். கனடிய விதிப்படி குறைந்தது 38 மில்லிமீற்றர், ஒன்றரை அங்குலம். தெருச் சாக்கடையின் வாயுவுக்கும் நீங்கள் படுத்திருக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு இவ்வளவுதான். லண்டனில் கடிகாரம் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிப்பறைக்கு இந்த வளைவைப் போட்டுக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு இதைவிட மலிவாக எவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"அப்பா கோப்பை பதிச்சதும் இதுதான், நான் இப்ப பதிக்கிறதும் இதுதான்" என்றார் அண்ணை.

ஆனால் கக்கூஸில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் விழும், ஃப்ளோர் ட்ரெயினில் விழாது. குளிர் காலம் முழுக்க ஃபேர்னஸ் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிவிடும். பிறகு ஒரு நாள் பேஸ்மென்டில் அழுகிய முட்டை மணம். வாடகைக்காரரின் சமையலில் பழி போடுவார்கள். மணம் மட்டுமென்றாலும் பரவாயில்லை. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் தொடர்மாடியில் 300க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். குளியலறைத் தரைகளில் இருந்த வளைவுகள் காய்ந்து கிடந்ததும், அவற்றின் வழியே கழிவுக் குழாயின் காற்று வீடுகளுக்குள் இழுபட்டதும் ஒரு முக்கிய காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதே வருடம் சார்ஸ் ரொறன்ரோவிலும் உயிர்களை எடுத்தது. ஆனாலும் எங்கள் வீடுகளில் சல்லடையின் மேல் அரிசி மூட்டையை வைத்திருக்கிறோம்.

காயாமல் இருக்க ஒரு வழி, பக்கத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை வளைவுக்கு இறக்குவது. குழாய் திறக்கும் போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் அங்கே சொட்டும். ட்ரெப் பிரைமர் என்பார்கள். அண்ணை அதைத் தோய்க்கும் இயந்திரத்தின் பக்கமாகக் கொண்டுவந்தார்.

வெள்ளத்தைத் தடுப்பது இந்த வளைவு அல்ல. பிரதான குழாயில் ஒரு பெட்டி வைத்தார்கள், பேக்வோட்டர் வால்வ். உள்ளே ஒரு மடிப்புக் கதவு. வீட்டுத் தண்ணீர் போகும்போது படுத்திருக்கும், தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் மிதந்து எழுந்து மூடிக்கொள்ளும். இதை விற்பவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயத்தை அண்ணை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். "கதவு மூடியிருக்கேக்க உங்கட தண்ணியும் வெளியில போகாது. அடை மழைக்குள்ள மேல நிண்டு குளிச்சியளெண்டா, உடுப்புத் தோய்ச்சியளெண்டா, அது கீழ இருக்கிற பிள்ளையின்ர காலடியிலதான் வரும். அப்ப நகரசபையைத் திட்டாதையுங்கோ."

நகரசபையைத் திட்டவும் இடமிருக்கிறது, பாராட்டவும் இடமிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்காபரோ வீடுகள் பலவற்றில் அத்திவாரத்தைச் சுற்றி மண்ணின் ஈரத்தை வாங்கும் வீப்பிங் டைல் குழாயைக் கழிவுக் குழாயிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பெருமழையில் தெருவிலுள்ள வீடுகளெல்லாம் மழைநீரைக் கழிவுக் குழாய்க்குள் தள்ளும், அது நிரம்பித் திரும்பும். 2005 ஓகஸ்ட் 19இல் ஃபின்ச் வீதியே அறுத்துக்கொண்டு போன மழையில் ஆயிரக்கணக்கான பேஸ்மென்டுகள் மூழ்கின. 2013 ஜூலை 8இல் பியர்சனில் 126 மில்லிமீற்றர். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடத்துக்குள் மூன்றைக் கண்டுவிட்டோம் என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம். ஆனால் நகரசபை வால்வுக்கும், குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்புக்கும், அந்த வீப்பிங் டைல் தொடர்பைத் துண்டிப்பதற்கும் மானியம் கொடுக்கிறது. நான் போன நாட்களில் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை. அனுமதி எடுத்து, உரிமம் பெற்றவர் செய்திருக்க வேண்டும் என்பது விதி.

அந்த நல்ல விதியின் முதுகில்தான் இடைத்தரகர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வெள்ளம் வடிந்த மறுநாளே வானொலியிலும் வட்ஸ்அப்பிலும் விளம்பரம் வந்துவிட்டது: 'மானியம் எடுத்துத் தருவோம்'. விளம்பரக்காரர் வேலையைப் பிடித்து ஒரு கொன்ட்ராக்டருக்கு விற்கிறார். கொன்ட்ராக்டர் உரிமக்காரரிடம் கொடுக்கிறார். உரிமக்காரர் அண்ணையை நாள் கூலிக்குக் கூப்பிடுகிறார். வீட்டுக்காரர் கொடுத்தது ஆறாயிரம் டொலருக்கு மேல். அண்ணைக்கு நாளுக்கு இருநூற்றுச் சொச்சம், கையில் காசு. பொடியனுக்குக் கிடைத்ததை மணித்தியாலத்துக்குப் பிரித்துப் பார்த்தால், 2024 ஒக்ரோபரில் 17.20 டொலராக ஏறிய குறைந்தபட்சக் கூலியைத் தொடாது. காசாகக் கொடுப்பதால் வரி மிச்சம் என்று அவர்களுக்கே புத்தி சொல்லப்படுகிறது. சம்பளச் சீட்டு இல்லை. வேலையில் காயம்பட்டால் அல்லது நுரையீரல் போனால், எந்த இடத்தில் எத்தனை வருடம் தூள் குடித்தார் என்று காட்ட அவரிடம் ஒரு கடதாசி கிடையாது. சங்கிலியில் ஒவ்வொருவரும் தமிழர். மேலேயிருப்பவர் கீழேயிருப்பவரைப் பார்த்துச் சொல்வது, "எங்கட ஆள் எண்டபடியால்தான் வேலை குடுக்கிறன்." எங்கட ஆள் என்றால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அந்தப் பொடியனையாவது பயிலுநராகப் பதிந்திருக்கலாமே! நான் இதைப் பிக்கப்பில் வந்த அந்த உரிமக்காரரிடம் கேட்டேன். "அவன் ஸ்டூடன்ட் அண்ணை, எவ்வளவு காலம் நிப்பானோ" என்றார். முப்பது வருடம் நின்றவரையும் யாரும் பதியவில்லை.

நகரசபை இன்ஸ்பெக்டர் வரும்வரை குழி திறந்தே கிடந்தது. குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். மட்டம் இறங்கவில்லை. அவர் பார்த்தார், கையெழுத்திட்டார், போனார். பிறகு கல்லும் மண்ணும் நிரப்பித் தட்டி இறுக்கி, அண்ணை கொங்கிரீட் போட்டார். தகப்பன் மேசன் என்பது மணியாஸ்கட்டை பிடித்த விதத்தில் தெரிந்தது. நான்கு பக்கமும் சல்லடையை நோக்கி, கண்ணுக்குப் படாத ஒரு சரிவு. உரிமக்காரர் அந்த நேரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பேஸ்மென்ட் உள்ளவர்களுக்குச் சொல்ல இரண்டு காரியம் இருக்கிறது. சல்லடை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், மேலே இருப்பதை நகர்த்தி மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தரையை வெட்ட ஆள் கூப்பிட்டால், முற்பணம் கொடுக்க முன் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். கூடவே, வாளைப் பிடிக்கப்போகிறவர் யார், அவருக்குச் சம்பளச் சீட்டு உண்டா, வேலைக் காயக் காப்புறுதி உண்டா என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.